இங்கிலாந்தில் முதியோர் இல்லம்: கண்காணிப்பும் கட்டணமும்

இங்கிலாந்தில் பெற்றோருக்கு முதியோர் இல்லம் தேடும் குடும்பம் இரண்டு தனித்தனி அதிகார அமைப்புகளை எதிர்கொள்கிறது. இல்லம் நடத்த அனுமதி வழங்கி அதன் தரத்தைக் கண்காணிப்பது பராமரிப்புத் தர ஆணைக்குழு. மக்கள் வழக்கில் சீ.கியூ.சீ. அங்கே தங்குபவரின் செலவில் எவ்வளவு பொதுப் பணத்திலிருந்து வரும், எவ்வளவு அவருடைய சொந்தப் பணத்திலிருந்து போகும் என்று தீர்மானிப்பதோ உள்ளூராட்சி மன்றமாகிய கவுன்சிலும், சில வேளைகளில் தேசிய சுகாதார சேவையாகிய என்.எச்.எஸ்ஸும் ஆகும். நல்ல இல்லம் என்று ஆணைக்குழு சான்று கூறிய இடத்துக்குக் கவுன்சில் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இதை அறியாத குடும்பங்கள் முதலில் இல்லத்தைப் பார்த்து, மனம் ஒப்பி, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, சேமிப்புக் கரையத் தொடங்கிய பின்னரே கவுன்சிலின் படியேறுகின்றன. முதலில் மதிப்பீடு, அதன் பின் பணக் கணக்கு, அதற்கும் பின்னரே இல்லம் என்ற ஒழுங்கைக் கைக்கொள்பவர்கள் பல்லாயிரம் பவுண் இழப்பைத் தவிர்க்கலாம் என்பதால், இந்த அத்தியாயம் அந்த ஒழுங்கை மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறது.

இங்கே கூறப்படும் விதிகள் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியவை. ஸ்கொட்லாந்தில் தனிநபர்ப் பராமரிப்புக்கு 2002 முதல் கட்டணம் அறவிடப்படுவதில்லை. வேல்ஸில் சொத்து வரம்பு வேறு. வட அயர்லாந்தின் நிர்வாக முறையும் வேறு. ஆகவே கிளாஸ்கோவில் இருக்கும் உறவினரின் அனுபவத்தைக் கேட்டு ஹரோவில் இருப்பவர் முடிவெடுத்தல் ஆகாது.

இல்லங்களில் இரு வகை உண்டு. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறைக்குச் செல்லுதல் போன்ற அன்றாடக் காரியங்களுக்கு உதவி வழங்குவது சாதாரணப் பராமரிப்பு இல்லம். அந்த உதவிகளோடு, பதிவு பெற்ற தாதியர் இரவும் பகலும் பணியில் இருப்பது தாதியர் பராமரிப்பு இல்லம். நர்சிங் ஹோம் என்று வழங்குவது இதுவே. வயோதிபர் தனித்தனி வீடுகளில் வாழ, அவசர மணியும் ஒரு மேற்பார்வையாளரும் மட்டும் உள்ள குடியிருப்புகள் இவ்விரண்டிலும் சேரா.

கண்காணிப்பு முறை

2008ஆம் ஆண்டின் சுகாதார மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உருவாகி 2009 ஏப்ரலில் பணியைத் தொடங்கிய பராமரிப்புத் தர ஆணைக்குழுவிடம் பதிவு பெறாமல் இத்தகைய இல்லம் எதையும் நடத்துவது குற்றமாகும். நடத்தும் நிறுவனத்தோடு, அன்றாட நிர்வாகத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்கும் முகாமையாளர் ஒருவரும் தம் பெயரில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இல்லம் பாதுகாப்பானதா, அதன் பராமரிப்புப் பயன் தருகிறதா, பணியாளர்கள் பரிவுடன் நடக்கிறார்களா, தங்குபவரின் தேவைக்கேற்ப அது இயங்குகிறதா, நிர்வாகம் சீராக உள்ளதா என்ற ஐந்து கேள்விகளின் அடிப்படையில் சோதனை நடத்தி, மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்ற நான்கு தரங்களில் ஒன்றை ஆணைக்குழு வழங்குகிறது. அந்தத் தரத்தை இல்லம் தன் வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படியும் தன் இணையத்தளத்திலும் காட்சிப்படுத்த வேண்டும்.

தரத்தின் பெயரை மட்டும் பார்த்து நிறைவடைதல் போதாது. ஆணைக்குழுவின் செயற்பாட்டை ஆராய்ந்து மருத்துவர் பெனி டாஷ் 2024இல் அளித்த அறிக்கை, பல இடங்கள் ஆண்டுக் கணக்கில் மறுசோதனைக்கு உட்படாமல் இருந்ததையும், ஆணைக்குழு சோதிக்கும் அதிகாரம் பெற்ற இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று எந்தத் தரமும் பெறாமலே இருந்ததையும் வெளிக்கொணர்ந்தது. ஆகவே சோதனை நடந்த திகதியை முதலில் பார்க்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் பெற்ற ‘நன்று’, அதன் பின் முகாமையாளர் மாறியிருந்தால், அன்றைய முகாமையாளருக்குக் கிடைத்த சான்றேயன்றி இன்றைய இல்லத்துக்குக் கிடைத்ததாகாது. மொத்தத் தரத்தைவிடப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்ட பத்திகள் முக்கியமானவை. மருந்து கொடுத்த பதிவுகளில் இடைவெளி, விழுந்தவர்கள் பற்றிய குறிப்பின்மை, இரவுப் பணியாளர் பற்றாக்குறை ஆகியன அங்கேதான் காணப்படும். இத்தனை பேருக்கு இத்தனை பணியாளர் என்று இங்கிலாந்துச் சட்டம் எண்ணிக்கை எதையும் வகுக்கவில்லை. ‘போதுமான எண்ணிக்கை’ என்றே விதி கூறுகிறது. எனவே இரவு பத்து மணிக்குப் பின் எத்தனை பேர் விழித்திருந்து பணி செய்வார்கள் என்பதைக் குடும்பத்தார் நேரடியாகக் கேட்டு, விடையை எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

தமிழ் முதியவர்களைப் பொறுத்தவரை உணவும் மொழியும் பராமரிப்பின் மையத்தில் இருப்பவை. மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவித் தாய்மொழி மட்டும் எஞ்சும் நிலை பலருக்கு வருகிறது. அப்போது ‘தண்ணி’ என்று கேட்பதைப் புரிந்துகொள்ள அருகில் ஆள் இல்லாவிட்டால், தாகம்கூடத் தொந்தரவான நடத்தையாகப் பதிவேட்டில் ஏறிவிடும். மேலே குறிப்பிட்ட 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் பதினான்காவது, தங்குபவரின் விருப்பத்தாலும் சமய, பண்பாட்டுப் பின்னணியாலும் எழும் நியாயமான உணவுத் தேவைகளை நிறைவேற்றுவது இல்லத்தின் கடமை என்று கூறுகிறது. எனவே வெள்ளிக்கிழமை மரக்கறி உணவு, கந்தசஷ்டி விரதம், மாட்டிறைச்சி சமைத்த பாத்திரத்தைத் தவிர்த்தல் போன்றவற்றைச் சலுகையாகக் கெஞ்சிப் பெற வேண்டியதில்லை. நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர் விரதம் இருக்க விரும்பினால் அந்த நாளில் மருந்தளவை யார் மாற்றுவது என்பது வரை, இல்லம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதும் பராமரிப்புத் திட்டத்தில் இடம்பெறச் செய்தல் வேண்டும். வாய்மொழியாகப் பெற்ற உறுதி, அதைச் சொன்ன பணியாளர் வேலையை விட்டுப் போகும் நாளோடு முடிந்துவிடும். ‘தண்ணி’, ‘நோகுது’, ‘பாத்ரூம்’, ‘குளிருது’ முதலிய இருபது, முப்பது சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவைத்தல் எளிய செயல். அதனால் விளையும் ஆறுதலோ பெரிது.

முதலில் மதிப்பீடு

2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, பராமரிப்புத் தேவை இருப்பதாகத் தோன்றும் எவருக்கும் தேவை மதிப்பீடு செய்து கொடுக்கும் கடமையைக் கவுன்சிலுக்கு விதிக்கிறது. வீடும் பணமும் உள்ளவர் என்ற காரணத்தால் கவுன்சில் இதை மறுக்க முடியாது. தொலைபேசியில் முதலாவதாகச் சேமிப்பு எவ்வளவு என்று கேட்டு, ‘அப்படியானால் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்’ என்று முடித்துவிடும் அலுவலரிடம், இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கோரிக்கை வைப்பதே தக்க மறுமொழி. உண்ணுதல், உடுத்தல், தூய்மை பேணுதல், வீட்டில் பாதுகாப்பாக இருத்தல், உறவுகளைப் பேணுதல் என்பவை உள்ளிட்ட பத்துக் காரியங்களில் இரண்டோ அதற்கு மேலோ உடல், மன நலக் குறைவினால் செய்ய இயலாமல் போய், அதனால் ஒருவரின் நல்வாழ்வு கணிசமாகப் பாதிக்கப்படுமாயின் அவர் உதவிக்குத் தகுதி பெறுகிறார்.

மதிப்பீட்டு நாளில் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சிக்கல் வழக்கமாக நேர்கிறது. வீட்டுக்கு வந்த வெளியாள் முன் குறையைச் சொல்லக் கூசும் முதியவர், ‘எல்லாம் நானே செய்வேன்’ என்று புன்னகையோடு விடையளிப்பார். மொழிபெயர்க்கும் மகளும் தகப்பனின் மானம் கருதி அதை அப்படியே சொல்லிவிடுவார். மூன்று முறை விழுந்ததும், அடுப்பை அணைக்க மறந்ததும், இரவில் படுக்கை நனைவதும் ஏட்டில் ஏறாமலே போய்விடும். ஆகையால் வெளி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவதும், முந்தைய இரு வாரங்களில் நிகழ்ந்தவற்றைத் திகதியோடு எழுதிச் சமூகப் பணியாளரிடம் தனியாகக் கொடுப்பதும் நல்லது.

இதற்கிணையாக என்.எச்.எஸ். வழங்கும் தொடர் சுகாதாரப் பராமரிப்புக்கும் பரிசீலனை கோர வேண்டும். ஒருவரின் முதன்மைத் தேவை உடல்நலம் சார்ந்தது என்று நிறுவப்பட்டால், இல்லக் கட்டணம் முழுவதையும் சொத்து, வருமானம் எதையும் பாராமல் என்.எச்.எஸ். ஏற்கும். சுருக்கமான தகுதிப் பட்டியல் ஒன்றை நிரப்புவது முதற்படி. அதில் தேறினால் மூச்சு, உணவு, அசைவு, அறிவாற்றல், நடத்தை முதலிய பன்னிரண்டு துறைகளில் முழு மதிப்பீடு நடைபெறும். முடிவு பொதுவாக 28 நாளுக்குள் வர வேண்டும். நோயின் பெயரைக் கொண்டு இது தீர்மானிக்கப்படுவதில்லை. தேவைகளின் தன்மை, தீவிரம், சிக்கல், முன்கணிக்க முடியாமை ஆகியவற்றைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. பலருக்கு இது கிடைப்பதில்லை. ஆனால் கேட்காதவருக்கு நிச்சயமாகக் கிடைப்பதில்லை. வைத்தியசாலையிலிருந்து நேரே இல்லத்துக்கு அனுப்பப்படுபவரின் குடும்பம், இந்தப் பரிசீலனை எப்போது நடைபெறும் என்பதை வெளியேறுமுன்பே எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். இத்தகுதி கிட்டாவிடினும், தாதியர் இல்லத்தில் தங்குபவருக்குத் தாதியர் பணிக்கென 2025–26ஆம் ஆண்டில் வாரம் 254.06 பவுணை என்.எச்.எஸ். நேரடியாக இல்லத்துக்குச் செலுத்துகிறது. கட்டணப் பட்டியலில் அது கழிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு.

பணக் கணக்கு

என்.எச்.எஸ். முழுப் பொறுப்பேற்காத நிலையில் கவுன்சில் நிதி மதிப்பீடு செய்கிறது. சொத்தும் சேமிப்பும் 23,250 பவுணுக்கு மேற்பட்டால் முழுக் கட்டணமும் அவரையே சாரும். 14,250 பவுணுக்குக் கீழ்ப்பட்டால் சேமிப்பில் கை வைக்கப்படாது. வருமானத்திலிருந்து மட்டும் பங்களிப்புப் பெறப்படும். இடைப்பட்ட தொகைக்கு ஒவ்வொரு 250 பவுணுக்கும் வாரம் ஒரு பவுண் வருமானம் உண்டெனக் கொள்ளப்படுகிறது. 20,000 பவுண் வைத்திருப்பவரிடம் கீழ் வரம்புக்கு மேல் 5,750 பவுண் இருப்பதால், அவருடைய வாரப் பங்களிப்பில் 23 பவுண் கூடும். இந்த வரம்புகள் 2010 முதல் மாற்றப்படவில்லை; விலைவாசி ஏறிய இத்தனை ஆண்டுகளில் அவற்றை அசைக்காமல் வைத்திருப்பது, சிறுகச் சேமித்த தொழிலாளரின் மீது ஆண்டுதோறும் சுமத்தப்படும் அநீதியாகும். வாழ்நாளில் ஒருவர் செலுத்தும் பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுண் உச்சவரம்பு கொண்டுவரப்படும் என்று 2021இல் அறிவிக்கப்பட்ட திட்டமும், முதலில் ஒத்திவைக்கப்பட்டு, 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. அதை நம்பித் திட்டமிட்டவர்கள் தங்கள் கணக்கை மீளப் பார்த்தல் வேண்டும்.

அரச ஓய்வூதியம் முழுமையாக வருமானத்தில் சேரும். தொழில்வழி ஓய்வூதியத்தில் பாதியை வீட்டில் இருக்கும் கணவன் அல்லது மனைவிக்குக் கொடுத்தால் அந்தப் பாதி கணக்கில் சேராது. தங்குபவரின் கைச்செலவுக்கென 2025–26இல் வாரம் குறைந்தது 30.65 பவுணை விட்டுவைக்க வேண்டும். மதிப்பீடு தங்குபவர் ஒருவருடையதே. கணவனுக்காகச் செய்யும் மதிப்பீட்டில் மனைவியின் தனிக் கணக்கைக் கேட்கக் கவுன்சிலுக்கு உரிமையில்லை. கூட்டுக் கணக்கு பொதுவாகச் சமமாகப் பிரித்துக் கொள்ளப்படும்.

குடும்பங்களை அதிகம் வாட்டுவது வீடு பற்றிய கேள்வி. கணவன் அல்லது மனைவியோ, 60 வயதைக் கடந்த அல்லது இயலாமை உள்ள உறவினரோ, தங்குபவரின் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையோ அந்த வீட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்டு வாழ்ந்துவந்தால் அதன் பெறுமதி சேர்க்கப்படாது. தற்காலிகமாக இல்லத்தில் இருப்பவரின் வீடும் சேர்க்கப்படாது. இவை எதுவும் பொருந்தாவிட்டாலும், பிற சேமிப்பு மேல்வரம்புக்குக் கீழே இருப்பின், நிரந்தரமாக இல்லம் புகுந்த முதல் 12 வாரங்களுக்கு வீடு விலக்கப்படும். அதன் பின்னும் வீட்டை அவசரத்தில் விற்கத் தேவையில்லை: ஒத்திவைத்த கட்டண உடன்படிக்கை என்ற ஏற்பாட்டின்படி, வீட்டின் மீது உரிமைப்பொறுப்புப் பதிந்துகொண்டு கவுன்சில் கட்டணத்தைச் செலுத்திவரும், வீடு விற்கப்படும்போதோ அவர் இறந்த பின்னரோ வட்டியோடு அதை மீட்டுக்கொள்ளும். தந்தையும் மகனும் சேர்ந்து வாங்கிய வீடாயின், தந்தையின் பங்கை மட்டும் வாங்க முன்வரும் ஒருவர் என்ன விலை கொடுப்பார் என்பதே கேள்வி. மகன் குடியிருக்கும் வீட்டின் அரைப் பங்குக்குச் சந்தையில் விலை மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், கவுன்சில் வீட்டின் முழு விலையைப் பாதியாக்கித் தரும் எண்ணைக் கேள்வியின்றி ஏற்றல் ஆகாது.

யாழ்ப்பாணத்துக் காணியும் கோயம்புத்தூர் வீடும் இந்தக் கணக்கில் அடங்கும். வெளிநாட்டுச் சொத்தையும் அறிவிக்க வேண்டும். அந்நாட்டுச் சட்டம் பணத்தை வெளியே கொண்டுவரத் தடை விதிக்குமாயின், இங்கிருந்து அதை வாங்க விரும்பும் ஒருவர் கொடுக்கும் விலையே பெறுமதியாகக் கொள்ளப்படும். உறுதியில் பல சகோதரர் பெயர் இருந்தால், காணி பிரிக்கப்படாமல் கிடந்தால், வேறொருவர் குடியிருந்தால் அதை ஆவணத்தோடு காட்டுதல் வேண்டும். மறைப்பது பின்னாளில் கடனாக வந்து விடியும். நகையின் நிலை வேறு: தாலிக்கொடி, வளையல் போன்ற சொந்த உடைமைகள், பராமரிப்புக் கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கோடு வாங்கப்பட்டவையாக இல்லாதவரை, சொத்தில் சேர்க்கப்படுவதில்லை.

வீட்டைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றி ஏழு ஆண்டு கடந்துவிட்டால் கவுன்சில் தொடமுடியாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது முற்றிலும் தவறு. ஏழு ஆண்டு என்பது மரபுரிமை வரிக்கு உரிய கணக்கு. பராமரிப்புக் கட்டணத்தில் கால எல்லை எதுவும் இல்லை. கொடுத்தபோது பராமரிப்புத் தேவை வரும் என்று நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியுமா, கட்டணத்தைத் தவிர்ப்பது முக்கிய நோக்கமாக இருந்ததா என்பவையே கேள்விகள். நோக்கம் அதுவே எனக் கண்டால், கொடுத்த சொத்து இன்னும் கையில் இருப்பதாகவே கொண்டு கவுன்சில் கணக்கிடும். பெற்றுக்கொண்ட பிள்ளையிடமிருந்தும் தொகையை அறவிட முடியும். நல்ல உடல்நலத்தோடு இருந்த காலத்தில் பேத்தியின் கலியாணத்துக்குக் கொடுத்த பணம் இவ்வகையில் அடங்காது. ஆனால் திகதியையும் காரணத்தையும் காட்டும் கடிதமோ வங்கிப் பதிவோ இருத்தல் நலம்.

பிள்ளைகளின் அனுசரணையில் விசா பெற்று அண்மையில் வந்த பெற்றோரின் நிலை தனியானது. 2012 ஜூலையில் இறுக்கப்பட்ட வயதுவந்த தங்கிவாழ் உறவினர் விதிகளின்படி, பொதுப் பணத்தை நாடாமல் ஐந்து ஆண்டு பராமரிப்பதாகப் பிள்ளைகள் எழுத்தில் உறுதியளிக்கின்றனர். இவர்கள் எந்த விண்ணப்பத்துக்கும் முன்னர் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

சொந்தப் பணத்தில் தங்குபவர்கள்

தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் 2022–23 மதிப்பீட்டின்படி, இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களில் தங்கியிருந்தோரில் 37 விழுக்காட்டினர் தம் செலவைத் தாமே ஏற்றனர். ஒரே இல்லத்தில், ஒரே உணவுக்கும் ஒரே பணிக்கும், இவர்கள் கவுன்சில் கொடுப்பதைவிடச் சராசரியாக 41 விழுக்காடு, அதாவது வாரம் 236 பவுண், கூடுதலாகக் கொடுத்தனர் என்று போட்டி மற்றும் சந்தை அதிகார சபை 2017இல் கண்டறிந்தது. கவுன்சில்கள் அடக்க விலைக்கும் குறைவாகக் கொடுப்பதை இல்லங்கள் இவர்களிடமிருந்து ஈடுகட்டுகின்றன. வாரக் கட்டணம் ஆயிரம் பவுணைத் தாண்டுவது இன்று சாதாரணம் என்பதால், சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதையும், அது 23,250 பவுணுக்கு இறங்கும் நாளில் கவுன்சில் விலையை ஏற்று அவரை அதே அறையில் வைத்திருக்க இல்லம் சம்மதிக்குமா என்பதையும் நுழைவதற்கு முன்னரே கேட்க வேண்டும். சம்மதிக்காத இல்லத்தில் சேர்ந்தால், 90 வயதில், பழகிய முகங்களைப் பிரிந்து இடம் மாற நேரும். வரம்பை எட்டுவதற்குச் சில மாதம் முன்பே கவுன்சிலுக்கு அறிவித்தல் வேண்டும். தாமதித்தால் இடைக்காலச் செலவு திரும்பக் கிடைப்பது அரிது.

இவர்கள் வருமானத்தைச் சாராத கவனிப்புப் படியைத் தொடர்ந்து பெறலாம். 2025–26இல் அது வாரம் 73.90 அல்லது 110.40 பவுண். கவுன்சில் செலவேற்பவருக்கு அது நான்கு வாரத்தின் பின் நின்றுவிடும்.

கவுன்சில் செலவேற்கும்போது, தன் விலைக்குள் அடங்கும் இல்லம் ஒன்றையாவது அது காட்டியாக வேண்டும். விலை கூடிய இல்லத்தைக் குடும்பம் விரும்பினால் வேறுபாட்டைப் பிள்ளைகள் மேலதிகக் கட்டணமாகச் செலுத்தலாம். ஆனால் தேவைக்கேற்ற இல்லம் கவுன்சில் விலையில் ஒன்றுகூட இல்லை என்றால் அந்த வேறுபாட்டைக் கவுன்சிலே ஏற்க வேண்டும். தமிழ் பேசும் பணியாளரோ மரக்கறிச் சமையலோ ஒருவருக்கு மதிப்பிடப்பட்ட தேவை என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் இந்த வாதம் வலுப்பெறும். மதிப்பீட்டு நாளில் இவற்றைச் சொல்லிப் பதிவுசெய்வதன் பயன் இங்கேதான் தெரியவரும்.

ஒப்பந்தமும் முறைப்பாடும்

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாக வாசிக்க வேண்டும். ஆண்டுக் கட்டண உயர்வு எந்த அளவுகோலின்படி என்று தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘நிர்வாகம் தீர்மானிப்பதற்கேற்ப’ என்ற சொற்றொடரை ஏற்கக் கூடாது. இறந்த பின் எத்தனை நாள் அறைக்கட்டணம் வாங்கப்படும் என்பது இரண்டாவது. வாரக் கணக்கில் நீட்டுவது நுகர்வோர் சட்டப்படி நியாயமற்றது என்பது போட்டி மற்றும் சந்தை அதிகார சபையின் நிலைப்பாடு. வெளியேறச் சொல்லும் அறிவித்தல் மூன்றாவது. அது எழுத்தில், குறைந்தது 28 நாள் அவகாசத்தோடு, தக்க காரணம் காட்டித் தரப்படல் வேண்டும். ஒப்பமிடுபவர் எந்த நிலையில் ஒப்பமிடுகிறார் என்பதும் கவனத்துக்குரியது: பெற்றோர் சார்பில் அற்றோர்னியாக ஒப்பமிடுபவர் அவர்களுடைய பணத்துக்கே பொறுப்பாவார், உத்தரவாதம் கொடுப்பவராக ஒப்பமிடுபவர் தம் சொந்தப் பணத்தால் கடன் தீர்க்க நேரும். பெற்றோர் தெளிந்த மனநிலையில் இருக்கும்போதே நிதிக்கும் சுகாதாரத்துக்கும் தனித்தனியாக அற்றோர்னிப் பத்திரம் எழுதிப் பதிந்துவைத்தால், பிற்காலத்தில் பாதுகாப்பு நீதிமன்றத்தை நாடும் செலவும் காத்திருப்பும் தவிர்க்கப்படும்.

முறைப்பாடு செய்தால் அம்மாவை நன்றாகப் பார்க்கமாட்டார்கள் என்ற அச்சம் பல குடும்பங்களின் வாயை அடைத்து வைத்திருக்கிறது. அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் மௌனம் எவரையும் காத்ததில்லை. முறைப்பாட்டைக் காரணமாகக் காட்டி ஒருவரை வெளியேற்றுவதோ குடும்பத்தார் வருகையைத் தடுப்பதோ முறையன்று. விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலன்றித் தங்குபவரைப் பார்க்க வருவோரை அனுமதிப்பது 2024 ஏப்ரல் 6 முதல் இல்லங்களின் சட்டக் கடமையாகவும் உள்ளது. அடி, காயம், பட்டினி, பணம் காணாமற்போதல் போன்றவை உடனடியாகக் கவுன்சிலின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவிக்கப்படல் வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் 999. பிற குறைகளை முதலில் இல்லத்தின் முகாமையாளருக்கும், கவுன்சில் ஏற்பாட்டில் தங்கியவராயின் கவுன்சிலுக்கும் எழுத வேண்டும். பராமரிப்புத் தர ஆணைக்குழு தனிப்பட்ட முறைப்பாடுகளைத் தீர்த்துவைப்பதில்லை எனினும், எழுதும் ஒவ்வொரு கடிதமும் அடுத்த சோதனைக்குத் தகவலாகிறது. இல்லமோ கவுன்சிலோ தரும் விடை நிறைவளிக்காதபோது உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். சொந்தப் பணத்தில் தங்குபவர்களுக்கும் இந்த வழி திறந்தே உள்ளது. குறை தெரியவந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முறையீடு சென்றடைய வேண்டும் என்பதால், முதல் நிகழ்விலிருந்தே திகதி, நேரம், பணியில் இருந்தவரின் பெயர், சொல்லப்பட்ட விடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும்.